விலையைப் போல்ட்டிடம் கேளுங்கள்

(வண்டி வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்வோர் கூட்டத்தில், ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு மெக்கானிக் வேலை பிழைப்பு இல்லை. அலுவலகம், கடை, பள்ளிக்கூடம் என்று ஆளுக்கொரு வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வண்டியை நிழலில் நிறுத்தி, ஆயில் மாற்றி, செயின் தளர்வைச் சரிசெய்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடுகிறவர்கள். உங்களைப் போன்றவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சில நூறு ரூபாய்க்கு 46 துண்டுகள் கொண்ட சாக்கெட் பெட்டி கிடைக்கிறது. நல்ல கம்பெனியின் ராட்சட் கைப்பிடி ஒன்று மட்டுமே அந்த விலையைத் தாண்டிவிடுகிறது. நான் மாதம் ஒருநாள் வேலை செய்கிறவன். எனக்கு எது சரி?"

இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. "கருவி என்றால் வாழ்நாள் முழுக்க வரவேண்டும், விலை பார்க்காதே" என்பது ஒன்று. "நமக்கு இது போதும், எப்போதாவதுதானே எடுக்கப்போகிறோம்" என்பது மற்றொன்று. இரண்டுமே கருவிப்பெட்டி முழுவதையும் ஒரே தராசில் நிறுத்துகின்றன. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பதில் உண்டு என்பது என் கருத்து. அந்தப் பதிலைக் கருவியின் பளபளப்பிலோ விலைச்சீட்டிலோ தேடக் கூடாது. அந்தக் கருவி எதைத் தொடுகிறதோ, அந்தப் பொருளில் தேட வேண்டும். அது வழுக்கினால், உடைந்தால், சரிந்தால் யாருக்கு என்ன நேரும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இன்று ஒவ்வொரு கருவியாகப் பார்க்கப்போகிறோம்.

விலை எங்கே போகிறது?

ஒரு ஸ்பேனரின் விலைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் பார்ப்போம். எஃகு இருக்கிறது. நல்ல ஸ்பேனர்கள் பெரும்பாலும் குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகில் செய்யப்படுகின்றன. அந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சி, அச்சுக்குள் வைத்துப் பெரிய சம்மட்டி இயந்திரத்தால் அடித்து வடிவமைக்கும் ஃபோர்ஜிங் வேலை இருக்கிறது. பிறகு வெப்பப் பதப்படுத்தல். மறுபடியும் சூடேற்றி, சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கி, மீண்டும் மிதமான சூட்டில் வைத்து அந்தக் கடினத்தைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். கடினம் கூடிவிட்டால் ஸ்பேனர் விரிசல் விட்டு உடையும். குறைந்துவிட்டால் அழுத்தத்தில் வாய் விரிந்துகொடுக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள பதத்தைப் பிடிப்பதில்தான் தொழிற்சாலையின் அனுபவம் தெரியும். வாயின் அளவையும் நுணுக்கமாக வெட்டியெடுக்க வேண்டும். கடைசியில் குரோம் பூச்சு, அதற்குப்பின் பரிசோதனை.

இவற்றில் கண்ணுக்குத் தெரிவது குரோம் பூச்சு மட்டும்தான். விலையைக் குறைத்தே தீரவேண்டும் என்று முடிவெடுத்த தயாரிப்பாளர் எதில் கைவைப்பார்? பளபளப்பில் கைவைக்க மாட்டார். கண்ணுக்குத் தெரியாத வெப்பப் பதப்படுத்தலிலும், வாயின் அளவிலும், பரிசோதனையிலும்தான் கைவைப்பார். அதனால்தான் கடை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இரண்டு ஸ்பேனர்களும் ஒன்றுபோலத் தெரிகின்றன. வித்தியாசம் போல்ட்டின் மேல் வைத்துத் திருகும்போதுதான் வெளிப்படும். "குரோம் வனேடியம்" என்று பொறித்திருப்பதும் உறுதிமொழி ஆகாது. எந்த எஃகிலும் எந்த எழுத்தையும் பொறிக்க முடியும்.

ஆறு முனைகளின் கணக்கு

நம் ஊர் பைக்குகளில் அதிகம் கை படும் போல்ட், 10 எம்.எம். ஸ்பேனர் பிடிக்கும் போல்ட். அதன் மரைப்பகுதியின் விட்டம் 6 மில்லிமீட்டர். அதன் தலை சரியாக 10 மில்லிமீட்டர் இருக்காது; ஒரு இழை குறைவாக இருக்கும். ஸ்பேனரின் வாய் ஒரு இழை கூடுதலாக இருக்கும். அப்போதுதான் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு என்ற அளவில் நிற்க வேண்டும்.

அந்த இடைவெளி கூடினால் என்ன ஆகும்? ஸ்பேனரைத் திருகியதும் அது போல்ட் தலையின் தட்டையான பக்கங்களில் பதியாமல் சற்றே சுழன்று முனைகளில் போய் நிற்கும். முனையின் பரப்பு மிகச் சிறியது. நீங்கள் கொடுக்கும் விசை முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும்போது முனை மழுங்கும். ஒருமுறை மழுங்கிய முனை அடுத்த முறை இன்னும் சுலபமாக மழுங்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் "போல்ட் தலை ரவுண்ட் ஆயிடுச்சு" என்கிறார்கள்.

அந்தப் போல்ட்டின் விலை சில ரூபாய். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் எஞ்சினின் அலுமினிய உறை. தலை போன போல்ட்டை எடுக்க அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருக வேண்டும். முடியாவிட்டால் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். துளை கொஞ்சம் சாய்ந்தால் அலுமினிய மரையும் போய்விடும். பிறகு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஹெலிகாயில் என்ற எஃகுச் சுருளைப் பதித்து மரையைப் புதிதாக்க வேண்டும். ஸ்பேனரில் மிச்சம் பிடித்த நூறு ரூபாய் இப்படித்தான் திரும்பிப் போகிறது.

"முதலில் மலிவானதை வாங்கு. அது உடையும் அளவுக்குப் பயன்படுத்தினால், அப்போது நல்லதை வாங்கு" என்று ஓர் அறிவுரை உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. அதில் நியாயம் உண்டு. எந்தக் கருவியை நாம் அதிகம் எடுக்கிறோம் என்பது பயன்படுத்திய பிறகுதான் தெரியும். ஆனால் அந்த அறிவுரை ஒன்றை மறந்துவிடுகிறது. மலிவான கருவி எப்போதும் தானே உடைவதில்லை; அது தொட்ட பொருளை உடைக்கிறது. ஸ்பேனர் வழுக்கிய பிறகும் ஸ்பேனர் நன்றாகத்தான் இருக்கும், போல்ட்தான் போயிருக்கும். ஆகவே அந்த அறிவுரையை ஒரு திருத்தத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். கருவி கெட்டால் கருவியோடு போகுமா? மலிவானது போதும். வண்டியைக் கெடுக்குமா? நல்லது வாங்குங்கள். உடம்பைக் கெடுக்குமா? விலையைப் பேச்சிலேயே எடுக்காதீர்கள்.

திருப்புளி: சின்னக் கருவி, பெரிய சேதம்

நட்சத்திரத் தலை ஸ்க்ரூவை நம்மில் பலர் ஒரே வகை என்று நினைக்கிறோம். 1930களில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் பரப்பிய வடிவம் ஒன்று. ஜப்பானியத் தர அளவான ஜே.ஐ.எஸ். முறையில் வந்த வடிவம் மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் சிலுவைக் குறிதான். ஆனால் பிலிப்ஸ் திருப்புளியை ஜப்பானிய ஸ்க்ரூவில் வைத்தால் அதன் முனை குழியின் அடிவரை இறங்கி உட்காராது. அழுத்தித் திருகினால் மேலே ஏறி வழுக்கும். வழுக்கும்போது குழியின் ஓரங்களை வழித்துக்கொண்டு வரும்.

ஹோண்டா, யமஹா, சுசுகி ஆகியவற்றின் வடிவமைப்பில் வந்த வண்டிகள் நம் தெருக்களில் ஏராளம். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்து ஸ்க்ரூக்களையும், டிஸ்க் பிரேக் ஆயில் டப்பாவின் மூடி ஸ்க்ரூக்களையும் கழற்றப் போய்த் திணறாதவர்கள் இங்கே குறைவாகவே இருப்பீர்கள். பலர் "கம்பெனியில் ரொம்ப இறுக்கிவிட்டான்" என்பார்கள். பெரும்பாலும் குற்றம் இறுக்கத்தில் இல்லை, திருப்புளியின் முனையில் இருக்கிறது. ஸ்க்ரூ தலையில் சின்னப் புள்ளி ஒன்று குழிந்திருந்தால் அது ஜப்பானிய அளவு என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கென்று வடித்த திருப்புளியை ஜப்பானின் வெசல் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. அது பிலிப்ஸ் தலையிலும் வேலை செய்யும். 2ஆம் எண் அளவில் ஒன்றே ஒன்று வாங்கிவைத்தால், வீட்டுப் பட்டறையில் கொடுத்த பணத்துக்கு அதைவிட அதிகம் திருப்பித் தரும் கருவி இல்லை என்பேன். இறுகிப்போன ஸ்க்ரூக்களுக்கு, சுத்தியலால் தட்டினால் சுழலும் இம்பாக்ட் டிரைவர் உண்டு. அதன் உடல் மலிவானதாக இருந்தாலும் பாதகமில்லை. முனையில் மாட்டும் பிட் மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

அலன் கீக்கும் இதே விதிதான். மென்மையான எஃகில் செய்த அலன் கீயின் ஆறு முனைகளும் இரண்டே திருகலில் உருண்டுவிடும். போகும்போது போல்ட்டின் குழியையும் உருட்டிவிட்டுப் போகும். 4, 5, 6 எம்.எம். மூன்றும் நல்லதாக இருந்தால் பெரும்பாலான வேலை முடியும்.

எந்த ஸ்பேனர், எத்தனை அளவு?

ஸ்பேனரில் முதல் பணம் ரிங் ஸ்பேனருக்குப் போக வேண்டும். ஓபன் ஸ்பேனர் போல்ட் தலையின் இரண்டு பக்கங்களை மட்டும் பிடிக்கிறது. அழுத்தத்தில் அதன் தாடை விரியும். ரிங் ஸ்பேனர் தலையைச் சுற்றிவளைத்துப் பிடிக்கிறது. முதல் தளர்வையும் கடைசி இறுக்கத்தையும் ரிங்கில் கொடுங்கள்; நடுவில் வேகமாகச் சுழற்ற ஓபன் ஸ்பேனர் போதும். சாக்கெட்டில் பன்னிரண்டு முனை உள்ளதும் ஆறு முனை உள்ளதும் கிடைக்கும். துருப்பிடித்த போல்ட்டுக்கு ஆறு முனைதான் பாதுகாப்பு.

அளவுகளை வண்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜப்பானிய வழியில் வந்த வண்டிகளில் 8, 10, 12, 14, 17, 19 ஆகியவை அதிகம். ஐரோப்பிய வழக்கத்தில் 8 மில்லிமீட்டர் மரை உள்ள போல்ட்டுக்குத் தலை 13. ஜப்பானிய வழக்கத்தில் அதே மரைக்குத் தலை 12. உங்கள் வண்டியில் 13 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 6இலிருந்து 32 வரை முழு செட் வாங்கி, அதில் பாதியை ஒருநாளும் எடுக்காமல் துருப்பிடிக்க விடுவதைவிட, அதே பணத்தில் தேவையான ஐந்தாறு அளவுகளை நல்ல தரத்தில் வாங்குவது மேல். நம் மெக்கானிக்குகள் கையை விட்டு இறக்காத டி ஸ்பேனரும் அப்படித்தான். 10, 12 என்ற இரண்டு அளவு போதும், வேலை பாதியாகக் குறையும்.

அளவை மாற்றிக்கொள்ளும் ஸ்க்ரூ ஸ்பேனரைப் பற்றி ஒரு வார்த்தை. சுவீடனின் யோஹான்சன் 1892இல் காப்புரிமை பெற்ற வடிவமே இன்றைக்கும் நம் கையில் இருக்கிறது. மலிவு எங்கே மிக மோசமாகத் தோற்கும் என்றால் இங்கேதான். நகரும் தாடை ஆடும். ஒவ்வொரு திருகலிலும் வாய் கொஞ்சம் விரியும். நல்லதாக ஒன்று வைத்திருங்கள், குழாய் வேலைக்கு உதவும். பயன்படுத்தும்போது நகராத தாடைமேல் பாரம் விழும்படி, நகரும் தாடை இருக்கும் பக்கமாகத் திருப்புங்கள். எஞ்சின் போல்ட்டுக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். கட்டிங் பிளேயரால் நட்டைக் கழற்றும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

சாக்கெட் பெட்டியும் முறுக்கு விசையும்

இப்போது அந்த 46 துண்டுப் பெட்டிக்கு வருவோம். அது கால் அங்குல டிரைவ். அதாவது, கைப்பிடியின் சதுர முனை கால் அங்குலம். சாக்கெட்டுகள் பொதுவாக 14 எம்.எம்.மோடு நின்றுவிடும். மீதித் துண்டுகளில் பெரும்பகுதி சின்னச் சின்ன பிட்கள். பக்கவாட்டு மூடிகள், சீட், ஹெட்லைட் போன்ற இலகுவான வேலைகளுக்கு அது பயன்படும். பின்சக்கரத்து ஆக்சில் நட்டை அதனால் தொட முடியாது. அடாப்டர் போட்டுத் தொட்டால் ராட்சட்டின் பல் போகும்; போகிற வேகத்தில் உங்கள் கை சைலென்சரில் மோதும். ஆகவே பெட்டியில் எத்தனை துண்டு என்று எண்ணாதீர்கள். உங்கள் வண்டியில் உள்ள எத்தனை போல்ட்டுக்கு அது பொருந்தும் என்று எண்ணுங்கள். எட்டில் மூன்று (3/8) அங்குலம் அல்லது அரை அங்குல டிரைவில் ஒரு நல்ல கைப்பிடியும், தேவையான ஆறேழு சாக்கெட்டுகளும் தனித்தனியாக வாங்கினால் அந்தத் தொகுப்பு காலத்துக்கும் வரும்.

ராட்சட்டில் 72 பல், 24 பல் என்று விளம்பரம் செய்வார்கள். 72 பல் என்றால் ஒவ்வொரு சொடுக்குக்கும் 5 டிகிரி திரும்பினால் போதும். 24 பல்லுக்கு 15 டிகிரி வேண்டும். இடுக்கில் வேலை செய்ய 72 வசதி. ஆனால் பல் எண்ணிக்கை கூடக்கூடப் பல் சிறுத்துப்போகும். சிறுத்த பல்லைத் தாங்க நல்ல எஃகு வேண்டும். மலிவு விலையில் வாங்கத்தான் வேண்டும் என்றால் 24 பல் உள்ளதே உழைக்கும்.

முறுக்கு விசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் பார்த்த அந்த 6 மில்லிமீட்டர் மரை போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். 10 எம்.எம். ஸ்பேனரைச் சாதாரணமாகப் பிடிக்கும் இடத்தில் அது ஏறக்குறைய 8 கிலோ எடையைத் தூக்கும் விசை. அதே போல்ட்டை 25 சென்டிமீட்டர் ராட்சட்டால் இறுக்கினால் 4 கிலோ விசையிலேயே அந்த அளவு வந்துவிடும். அதற்குமேல் ஒரு தம் பிடித்தால் அலுமினிய மரை உரிந்துவிடும். சின்ன அளவு ஸ்பேனர்களைச் சின்ன நீளத்தில் செய்வது இதனால்தான். நீளமே ஒரு கட்டுப்பாடு. எவ்வளவு விலை கொடுத்த ராட்சட்டும் இந்தக் கணக்கை அறியாத கையில் சேதம் செய்யும். தரமான கருவி கையின் நிதானத்துக்கு மாற்றாகாது என்பதை ஒப்புக்கொண்டுதான் தரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கார் வைத்திருப்பவர்கள், முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6789, "கிளிக்" ஒலி எழுப்பும் வகைக்கு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் 4 சதவீதம் வரை கூடக்குறைய இருப்பதை அனுமதிக்கிறது. பல சிறு கார்களின் சக்கர நட்டுகளுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை கேட்பார்கள். உங்கள் காரின் சரியான அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு நடுத்தர விலையில் உள்ள டார்க் ரெஞ்சே நன்றாகப் பயன்படும். வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கிவைத்து, பெட்டிக்குள் வையுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட நான்கு

காரைத் தூக்கும் ஜாக்கியும், தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டும் முதலில் வரும். 2020இல் அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரெய்ட் என்ற மலிவு விலைக் கருவி நிறுவனம் தான் விற்ற பல லட்சம் ஜாக் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பல்வரிசையில் கொக்கி முழுமையாக மாட்டிக்கொள்ளாமல் பாரத்தோடு சட்டென்று இறங்கிவிடும் அபாயம் இருந்தது. அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்த சில ஸ்டாண்டுகளிலும் வெல்டிங் குறை கண்டுபிடிக்கப்பட்டு அவற்றையும் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் அரசின் பாதுகாப்பு அமைப்பும் திரும்பப் பெறும் நடைமுறையும் இருந்ததால் அது வெளியே வந்தது. பெயரில்லாத பொருளை வாங்கினால் நமக்கு யார் வந்து சொல்வார்கள்? ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள். இது எந்த விலை ஜாக்கிக்கும் பொருந்தும்.

இரண்டாவது, மின்சார வேலைக்கான பிளேயரும் திருப்புளியும். கைப்பிடியில் வண்ண பிளாஸ்டிக் உறை இருப்பதாலேயே அது மின்காப்பு ஆகிவிடாது. ஐ.இ.சி. 60900 தரத்தில் சோதித்தவற்றில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற குறியும் இருக்கும். அவை இருந்தால்கூட மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலை.

மூன்றாவது, சுத்தியல். தலை கழன்று பறக்கும் சுத்தியலும், மேல்முனை பூப்போல விரிந்துபோன உளியும் கண்ணுக்குப் பகை. நான்காவது, அந்தக் கண்ணைக் காக்கும் கண்ணாடி. செலவு மிகச் சிறியது. ஸ்பிரிங்கையோ சர்க்கிளிப்பையோ கழற்றும் ஒவ்வொரு முறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தாராளமாக மிச்சம் பிடிக்கலாம்

ஆயில் பிடிக்கும் தட்டு, புனல், கம்பி பிரஷ், நட்டு போட்டுவைக்கும் காந்தக் கிண்ணம், செயின் கழுவும் பிரஷ், கிரீஸ் கன், கருவிப்பெட்டி ஆகியவற்றில் எது மலிவோ அதை வாங்குங்கள். கெட்டால் தானாகக் கெடும், வண்டியைக் கெடுக்காது. எப்போதாவது ஒருமுறை தேவைப்படும் பெரிய அளவு சாக்கெட்டும் இந்த வகையில் சேரும். மேக்னட் புல்லர், கிளட்ச் பிடிக்கும் கருவி போன்ற விசேஷக் கருவிகளை வாங்கவே வேண்டாம். தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் அந்த ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். அவரிடம் சரியான கருவி இருக்கிறது. உங்களுக்குப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பும் கிடைக்கிறது.

நடுவில் இருக்கும் நல்ல வழி

மறுமுனையில் ஸ்னாப்-ஆன் போன்ற பெயர்கள் இருக்கின்றன. 1920இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் தொடங்கிய நிறுவனம் அது. ஒவ்வொரு அளவுக்கும் கைப்பிடியோடு சேர்ந்த தனி ரெஞ்ச் என்று இருந்த காலத்தில், ஐந்து கைப்பிடியும் பத்து சாக்கெட்டும் இருந்தால் மாற்றி மாற்றி மாட்டி ஐம்பது கருவியின் வேலையைச் செய்யலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது. அதன் ராட்சட் ஒன்று அமெரிக்காவிலேயே நூறு டாலரைத் தாண்டும். நாள் முழுக்க, வாரம் முழுக்க அதையே திருப்பிப் பிழைக்கும் மெக்கானிக்குக்கு அந்த விலை நியாயமானது. நிறுவனத்தின் வேன் அவர் பட்டறை வாசலுக்கே வருகிறது. உடைந்ததை மாற்றித் தருகிறது. ஒவ்வொரு வேலையிலும் மிச்சமாகும் நிமிடம் அவருக்குக் காசு. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறக்கும் நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

நமக்கு ஏற்றது நடுவில் இருக்கிறது. பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவிகள் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஊர்கள். 1960களில் சுவீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கப்பட்டு நாசிக்கில் கருவி செய்யும் தப்பாரியாவை நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் எங்கும் பார்க்கலாம். இப்படி நாட்டுக்குள் பெயர் எடுத்த நிறுவனங்களின் ஸ்பேனர் விலை பெயரற்றவற்றைவிடச் சில மடங்கு கூடுதல், வெளிநாட்டுப் பெயர்களைவிடப் பல மடங்கு குறைவு. வீட்டு வேலைக்குத் தேவையான தரம் அந்த விலையிலேயே கிடைத்துவிடுகிறது. ஓபன் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029 என்ற இந்தியத் தர எண்களை நிறுவனங்கள் அட்டவணையில் குறிப்பிடுகின்றனவா என்று பாருங்கள்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

சட்டைப்பையில் ஒரு புது 10 எம்.எம். தலை போல்ட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். ஸ்பேனரை அதில் மாட்டி ஆட்டிப்பாருங்கள். இரண்டு மூன்று ஸ்பேனர்களை மாற்றி மாட்டினால், எது இறுக்கமாக உட்காருகிறது என்று விரலே சொல்லிவிடும். ரிங்கின் உள்முனைகள் கூர்மையாக வெட்டப்பட்டிருக்கின்றனவா, பூச்சு திட்டுத்திட்டாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திட்டான பூச்சு பின்னால் உரிந்து, அதன் ஓரம் கையைக் கிழிக்கும். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெட்டும் விளிம்புகள் இடைவெளியின்றிச் சேர வேண்டும், மூட்டு பக்கவாட்டில் ஆடக் கூடாது. ராட்சட்டை ஒற்றை விரலால் திருப்பினால் தடையில்லாமல் சொடுக்க வேண்டும். கனமாக இருந்தால் நல்லது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நல்ல எஃகு மெல்லியதாக இருந்தும் தாங்கும்.

பெயர் எடுத்த நிறுவனங்களின் போலிகளும் சந்தையில் உண்டு. ஆகவே பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. பழைய பொருள்களுக்கு நடுவே, பூச்சு மங்கியும் வாய் விரியாத நல்ல ஸ்பேனர் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். பூச்சு மங்குவது முதுமை. வாய் விரிந்தால்தான் நோய்.

அடுத்த வாரம் நம் கருவிகளைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கப்போகிறோம். அந்த மரியாதை ஆண்டு முழுக்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும், எல்லா ஊர்களிலும் நம் கைவியர்வையும் எஃகைத் தின்னும். வேலை முடிந்ததும் எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை துடைத்து வையுங்கள். இப்படிப் பேணப்படும் நடுத்தர ஸ்பேனர், ஈரத்தில் போட்டுவைத்த விலையுயர்ந்த ஸ்பேனரைவிட நீண்டநாள் உழைக்கும்.

கற்றுக்கொள்பவருக்கு எது?

நிறைவாக, இந்தச் சொற்பொழிவை ஒப்புக்கொள்ளத் தூண்டியது எதுவோ அதைச் சொல்கிறேன். மகனோ மகளோ "அப்பா, நானும் வண்டி வேலை பழகுகிறேன்" என்று வந்து நின்றால், நம்மில் பலர் என்ன செய்கிறோம்? "பழகுகிற பிள்ளைக்கு இது போதும்" என்று இருப்பதிலேயே மட்டமான ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிறோம். இதை நேர் எதிராகச் செய்ய வேண்டும்.

முப்பது வருடம் வேலை செய்த மெக்கானிக்கிடம் தளர்ந்த ஸ்பேனரைக் கொடுங்கள். அது வழுக்கப்போகிறது என்பதைக் கை முன்கூட்டியே உணரும். அழுத்தத்தின் திசையை மாற்றுவார், ஒரு தட்டுத் தட்டுவார், எப்படியோ கழற்றிவிடுவார். அவருடைய அனுபவம் கருவியின் குறையை ஈடுகட்டிவிடும். புதிதாகப் பழகுகிற பிள்ளையிடம் அந்த அனுபவம் கிடையாது. ஸ்பேனர் வழுக்கினால், ஸ்க்ரூ தலை வழித்துக்கொண்டு வந்தால், அந்தப் பிள்ளை கருவியைச் சந்தேகிக்காது. "எனக்குக் கை வரவில்லை" என்றுதான் நினைக்கும். சமையல் பழகும் பிள்ளைக்கு மழுங்கிய அரிவாள்மனையைக் கொடுத்துவிட்டு, காய் நறுக்கத் தெரியவில்லை என்று சொல்வது எவ்வளவு அநியாயமோ, இதுவும் அவ்வளவே.

சரியாகப் பொருந்திய ஒரு ரிங் ஸ்பேனரில் முதல் போல்ட் தளர்ந்து கொடுக்கும்போது, எவ்வளவு விசை வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற கணக்கு கைக்குப் புரியத் தொடங்கும். அந்தப் பாடத்தைத் தளர்ந்த ஸ்பேனர் தப்பும் தவறுமாகவே சொல்லிக்கொடுக்கும். நான் தரத்துக்குப் பரிந்து பேசுவது பெருமைக்காக இல்லை. தேர்ந்த கைகளுக்கு அதன் தேவை குறைவு, புதிய கைகளுக்குத்தான் அது மிக அதிகம். ஆகவே இந்த ஆயுத பூஜைக்கு வீட்டில் பழகும் பிள்ளைக்கென்று 10இலும் 12இலும் நல்ல ரிங் ஸ்பேனர், ஜப்பானிய அளவில் 2ஆம் எண் திருப்புளி, ஒரு கண் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றை வாங்கிக் கொடுங்கள். மீதியை வேலை வரும்போது பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.